1971 மெர்லின் ஃபார்முலா ஃபோர்டு: ஹியூலண்ட் கியர்பாக்ஸுக்குப் பொருந்தும் பாகங்களைத் தேடுவது எப்படி?

மெர்லின்காரன் (லெஸ்டர், இங்கிலாந்து)

எல்லோருக்கும் வணக்கம். 1971-ம் ஆண்டு மெர்லின் மார்க் 20 ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. ஃபார்முலா ஃபோர்டு, அதாவது ஃபோர்டு எஞ்சின் வைத்த ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி. குழாய்ச் சட்டகம் நேராக இருக்கிறது, சஸ்பென்ஷன் கைகளில் துரு அதிகம் இல்லை, ஃபோர்டு கென்ட் 1600 எஞ்சினைத் திறந்து பார்த்ததில் பெரிய செலவு வராது என்று தெரிகிறது. மலைப்பாக இருப்பது கியர்பாக்ஸ்தான்.

ஹியூலண்ட் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் மார்க் 9 வகைப் பெட்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்றாவது கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டால் நியூட்ரலுக்குத் துள்ளி வந்துவிடுகிறது. பெட்டியின் ஓரத்தில் சைடு பிளேட் பக்கம் ஒரு மெல்லிய விரிசல் இருக்கிறது. வண்டியோடு ஒரு மரப்பெட்டி நிறைய உதிரிப் பாகங்களும் வந்தன. ஜோடி பிரிந்த கியர்கள், பின் அச்சைச் சுற்ற வைக்கும் கிரவுன் வீல் என்ற பெரிய பல் சக்கரம் ஒன்று, கியரைத் தண்டோடு பிணைக்கும் டாக் ரிங் நாலைந்து, அந்த ரிங்கைத் தள்ளும் செலக்டர் ஃபோர்க் ஒன்று. எதோடு எது சேரும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

1971 முடிவு வரை கட்டிய வண்டிகளுக்கு இங்கே தனிப் பந்தய வரிசை நடக்கிறது. அதில் ஓட்ட வேண்டும் என்பது ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்? இணைய ஏலத்தில் "ஹியூலண்ட் கியர், எல்லா மார்க்குக்கும் பொருந்தும்" என்று போட்டு விற்கிறார்களே, நம்பலாமா?

பழைய சோழவரம் (சென்னை)

தம்பி, முதலில் வாழ்த்துகள். மெர்லின் சாதாரணப் பெயர் இல்லை. எமர்சன் ஃபிட்டிபால்டி 1969-ல் இங்கிலாந்துக்கு வந்த புதிதில் ஓட்டியது மெர்லின் மார்க் 11ஏ. அதே வண்டியைப் பிறகு ஜோடி ஷெக்டரும் ஓட்டினார். இரண்டு பேரும் பின்னாளில் உலக சாம்பியன்கள்.

வாங்கும் கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கையில் இருக்கும் பெட்டி எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மைக் ஹியூலண்ட் 1957-ல் மெய்டன்ஹெட் ஊரில் பட்டறை வைத்தவர். 1959-ல் யூடிடி லேஸ்டால் பந்தயக் குழுவின் தலைமை மெக்கானிக் வந்து சில கியர்பாக்ஸ்கள் செய்து தரச் சொன்னார். புதிதாக வார்ப்பு ஊற்ற நேரமும் பணமும் வேண்டும். பிறகு சொந்தமாகப் பெட்டிகள் செய்ய இறங்கியபோது அவர் கையில் எடுத்தது ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் மெக்னீசியம் பெட்டியை. லேசானது, மலிவானது, ஊருக்கு ஊர் கிடைப்பது. உள்ளே தன்னுடைய கியர்களைப் போட்டார்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. பீட்டிலில் எஞ்சின் பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும், கியர்பாக்ஸ் முன்னால் இருக்கும். பந்தய வண்டியில் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் வண்டியின் வால் பக்கம். பெட்டியை அப்படியே முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். நாலு ரிவர்ஸ் கியரும் ஒரு முன்கியரும் கிடைக்கும். அதனால் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து மாட்டினார்கள். உங்கள் பெட்டியில் வார்ப்பு எழுத்துகள் தலைகீழாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஆக, உங்கள் கியர்பாக்ஸ் ஒரே ஆளின் சாமான் இல்லை. கொஞ்சம் பீட்டில், கொஞ்சம் ஹியூலண்ட், கொஞ்சம் கடையில் கிடைக்கும் சாதாரணப் பேரிங். மூன்றையும் முதலில் பிரித்து வையுங்கள். பந்தயப் பாகத்தின் விலையைப் பேரிங்குக்குக் கொடுக்க வேண்டாம். அதே மாதிரி, பந்தயப் பாகம் இருக்க வேண்டிய இடத்தில் பீட்டில் பாகத்தை வைக்கவும் கூடாது. அந்த எஞ்சின் சுமார் 105 குதிரைத்திறன் தருகிறது.

யாழ்_மெல்பேர்ன்

ஐயா சொன்னது முழுக்கச் சரி. இஞ்சை ஆஸ்திரேலியாவிலும் ஃபார்முலா ஃபோர்டு வண்டிகள் நிறைய, நான் மார்க் 9 பெட்டிகளைக் கழற்றிப் பூட்டுகிற ஆள். பிரிக்கிற விதத்தைச் சொல்லுறன்.

பீட்டிலின் பங்கு பெரும்பாலும் அந்த நடுப்பெட்டிதான். பின்னால் கியர்களைத் தாங்குகிற கேரியர், அதற்குப் பின்னால் வருகிற மூடி, இரண்டு பக்க சைடு பிளேட், கிரவுன் வீலும் அதைச் சுற்றுகிற சின்னச் சக்கரமான பினியனும், லே ஷாஃப்ட் என்கிற துணைத் தண்டு, கியர்கள், டாக் ரிங், செலக்டர் ஃபோர்க் எல்லாம் ஹியூலண்ட். மூன்றாவது குவியல் பேரிங். பேரிங்கின் விளிம்பில் எண் வெட்டியிருக்கும், துடைத்துப் பாருங்கோ. அந்த எண்ணையும் பின்னால் சி3 மாதிரி ஏதும் குறி இருந்தால் அதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு நல்ல பேரிங் கடைக்குப் போங்கோ. பின்குறியை விட்டுவிட வேண்டாம், அது உள் இடைவெளியின் அளவு. சூடாகிற இடத்தில் குறைந்த இடைவெளிப் பேரிங்கைப் போட்டால் இறுகிவிடும்.

பெட்டி உண்மையிலேயே மார்க் 9 தானா என்று மூடியில் குத்தின எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஐம்பது வருசத்தில் மூடி வேறு பெட்டியில் இருந்து வந்திருக்கலாம். கழற்றி அளக்க வேண்டும். ஒவ்வொரு கியரின் பல்லின் எண்ணிக்கை, பல்லின் அகலம், உள் துளை, தண்டோடு பூட்டுகிற ஸ்ப்ளைன் வரிகளின் எண்ணிக்கை, முகத்தில் பொறித்த எழுத்து. இதுகளை ஒரு நோட்டில் எழுதுங்கோ. "எல்லா மார்க்குக்கும் பொருந்தும்" என்று விற்கிறவரிடம் இதே அளவுகளைக் கேளுங்கோ. தராதவரிடம் வாங்காதையுங்கோ. மார்க் 8, மார்க் 9, பிறகு வந்த எல்டி200, இதுகளுக்குள் கியர்கள் மாறிப் பொருந்தும். அதனால்தான் உங்கட பாடு பரவாயில்லை. எல்டி200 இன்றைக்கும் ஓடுகிற பெட்டி, கியர் புதிதாகவே வாங்கலாம். ஆனால் எல்டி200-இன் வெளிப்பெட்டி பீட்டில் இல்லை, ஹியூலண்டின் சொந்த வார்ப்பு. கியர் பொருந்துது என்பதற்காக மற்றதுகளும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது.

மெர்லின்காரன்

ஐயா, அண்ணை, இரண்டு பேருக்கும் நன்றி. எல்லாவற்றையும் கழற்றி மேசையில் பரப்பிவிட்டேன். வார்ப்பு எழுத்துகள் தலைகீழாகத்தான் இருக்கின்றன.

அளவெடுத்ததில் வந்த விவரம்: பெட்டிக்குள் இருந்த கிரவுன் வீலில் 31 பல், பினியனில் 9 பல். இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கிறது. பினியன் பல் ஒன்றின் ஓரம் சிதறியிருக்கிறது. மரப்பெட்டியில் கிடந்த கிரவுன் வீலிலும் 31 பல்தான், பார்க்கப் புத்தம் புதியது மாதிரி இருக்கிறது. அதில் வேறு எண். ஏலத்தில் ஒருவர் 10 பல் பினியனைத் தனியாக விற்கிறார். இந்தப் புதிய கிரவுன் வீலை என்னுடைய 9 பல் பினியனோடு போடலாமா, அல்லது அந்த 10 பல்லை வாங்கி இதோடு சேர்க்கலாமா?

மூன்றாவது கியரின் டாக் பற்களை விளக்கடியில் பார்த்தேன். ஒரு பக்கம் கூர்மையாக இருக்கிறது, மறுபக்கம் மூலை மழுங்கி, சோப்புக் கட்டி கரைந்த மாதிரி வழவழப்பாக இருக்கிறது.

பீளமேட்டுப் பட்டறை (கோயம்புத்தூர்)

தம்பி, இரண்டையும் செய்யாதீங்க. கியர் வெட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கிரவுன் வீலும் பினியனும் வளைந்த பல் கொண்ட கூம்பு கியர்கள். வெட்டி, கார்பன் ஏற்றி, கடினமாக்கிய பிறகு இரண்டையும் ஒன்றோடொன்று ஓடவிட்டு லேப்பிங் பேஸ்ட் வைத்துத் தேய்த்துப் பொருத்துவார்கள். அந்த ஜோடிக்கு அடையாளமாகத்தான் இரண்டிலும் ஒரே எண் பொறிப்பது. 9-க்கு 31, 10-க்கு 31 இரண்டிலும் பெரிய சக்கரத்தின் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் பினியனில் ஒரு பல் கூடினால் கூம்பின் கோணம் மாறும், பல்லின் வளைவும் மாறும். கையில் பிடித்தால் ஒரே மாதிரி தெரியும். உள்ளே போட்டால் பல்லின் ஓரத்தில் மட்டும் உரசும். சீக்கிரமே உடைந்து பெட்டியையும் கிழித்துக்கொண்டு போகும். அதே 9-க்கு 31 என்றாலும் வேறு எண் என்றால் நான் சேர்க்க மாட்டேன்.

இன்னொரு விஷயம். இந்தப் பெட்டியில் பினியன் தனித் துண்டு இல்லை. பினியனும் கியர்களைத் தாங்கும் தண்டும் ஒரே இரும்பில் செய்தது. அதனால் தண்டின் ஸ்ப்ளைன் தேய்ந்தாலும், பேரிங் உட்காரும் இடம் தேய்ந்தாலும், கிரவுன் வீல் நன்றாக இருந்தாலும், ஜோடியாகத்தான் மாற்றியாக வேண்டும். அதற்கு மேல் உங்களுக்குப் பினியன் பல்லும் சிதறியிருக்கிறது. பட்ஜெட்டில் பெரிய தொகையை இதற்கு ஒதுக்கிவிடுங்க. மீதியில் மிச்சம் பிடிக்கலாம்.

டாக் விஷயம்: மூலை மழுங்கியது ஒரு பகுதிதான். டாக் பல்லின் பக்கச் சுவர் நேர் செங்குத்தாக இருக்காது. உள்நோக்கிக் கொஞ்சம் சரிந்திருக்கும், அதாவது நுனி அகலம், அடி ஒடுக்கம். விசை ஏறும்போது அந்தச் சரிவு இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று இழுத்துப் பிடிக்கும். தேய்ந்து தேய்ந்து சரிவு போய்விட்டால் அதே விசை இரண்டையும் வெளியே தள்ளும். நீங்கள் ஆக்சிலரேட்டரை விடும்போது துள்ளுகிறது என்றால், எஞ்சின் பிரேக் பிடிக்கும் பக்கச் சுவர்தான் போயிருக்க வேண்டும். மழுங்கிய பக்கம் அதுதானா என்று பாருங்க.

மெர்லின்காரன்

அண்ணா, அதே பக்கம்தான். வலப் பக்கச் சுவரில் சரிவு கண்ணுக்கே தெரிகிறது, இடப் பக்கத்தில் இல்லை.

கேட்கத் தோன்றுகிறது: அந்தச் சரிவைத் திரும்பக் கிரைண்டிங் செய்து எடுக்க முடியாதா? இங்கே ஒரு பட்டறையில் செய்கிறேன் என்கிறார்கள்.

பீளமேட்டுப் பட்டறை

செய்யலாம், கொஞ்சம் மட்டும். இந்த கியர்கள் மேல்தோல் மட்டும் கடினமாக்கியவை. கடினத் தோல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும், உள்ளே மெத்தென்ற எஃகு. அதிகம் தேய்த்தால் தோல் போய் மெத்தென்ற பகுதி வெளியே வந்துவிடும். அப்புறம் ஒரே பந்தயத்தில் மழுங்கும். அதோடு, எல்லா டாக் பல்லிலும் ஒரே அளவு எடுக்க வேண்டும். ஒன்று கூடக் குறைந்தால் மொத்த விசையும் மற்றப் பற்களில் விழும். சோதனை ஓட்டத்துக்குச் சரி. பந்தயத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

யாழ்_மெல்பேர்ன்

புதிய டாக் ரிங் போட்டாலும் ஃபோர்க்கைப் பார்க்காமல் விட்டால் அதுவும் இதே கதியாகும். ஃபோர்க்கின் விரல்களை வெர்னியரால் அளவுங்கோ. இரண்டு விரலும் ஒரே தடிப்பா, ஒன்று நெளிந்திருக்கா? நியூட்ரலில் டாக் ரிங் இரண்டு பக்கக் கியருக்கும் சரிநடுவில் நிற்க வேண்டும். ஃபோர்க் தண்டில் ஒரு பக்கம் தள்ளிப் பூட்டியிருந்தால் ஒரு கியரில் டாக் முழு ஆழமும் இறங்காது, நுனியில் மட்டும் பிடிக்கும். மழுங்கத் தொடங்குவது அங்கேதான்.

இதை வண்டியில் வைத்துப் பார்க்க ஏலாது. கியர் கொத்தை வெளியே எடுத்து ஜிக் என்கிற தாங்கு சட்டத்தில் நிறுத்தி, கண்ணால் பார்த்து ஃபோர்க்கை அமைக்க வேண்டும். ஹியூலண்ட் வேலை செய்கிற எந்தப் பட்டறையிலும் அந்த ஜிக் இருக்கும். நீங்கள் இருக்கிற இடத்தைச் சுற்றி அப்படிப் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. உலகத்திலேயே இந்த வேலைக்கு வாய்ப்பான ஊர்ப்பக்கத்தில் இருக்கிறீங்கள்.

கிள்ளான் வண்டு (மலேசியா)

எல்லோரும் கியரைப் பற்றியே பேசுகிறீர்கள். விரிசலை யாரும் பார்க்கவில்லையே. நான் பந்தயக்காரன் இல்லை, பீட்டில் வைத்திருப்பவன். அந்தப் பெட்டி என் ஏரியா.

வேறு பெட்டி வாங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 1961-க்குப் பிறகு வந்த ஒற்றை வார்ப்புப் பெட்டிகளில் இரண்டு பக்கமும் தட்டைக் கழற்றலாம். 1973-இலிருந்து வந்தவற்றில் ஒரு பக்கம் மட்டும்தான் தட்டு, மறுபக்கம் மூடிய வார்ப்பு. உங்கள் ஹியூலண்டில் இரண்டு சைடு பிளேட் இருக்கிறது, அதனால் பழைய வகைதான் வேண்டும். பீட்டில் இரண்டு கோடிக்கு மேல் செய்த வண்டி, 2003 வரை மெக்சிகோவில் ஓடிய தொழிற்சாலை. பெட்டி கிடைக்காமல் போகாது. ஆனால் கிடைப்பதில் பெரும்பாலானது பிந்திய வகை. "பீட்டில் பெட்டி" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.

வெறும் பீட்டில் பெட்டியை வாங்கியதும் ஹியூலண்ட் பாகங்கள் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துவிடாது. உங்கள் பழைய பெட்டியில் எங்கெங்கே கடைந்திருக்கிறார்கள், எங்கே துளை பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று பார்த்து அதே வேலையைப் புதியதில் செய்ய வேண்டும். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் உங்கள் வரைபடம்.

மெக்னீசியத்தில் வெள்ளை மாவு மாதிரி பூத்திருந்தால் கம்பித் தூரிகையால் சுரண்டிவிட்டு அடியில் எவ்வளவு கனம் மிச்சம் என்று பாருங்கள். போல்ட் துளைகளைச் சுற்றித்தான் அதிகம் அரிக்கும்.

மெர்லின்காரன்

விரிசலை வெல்டு வைத்தால் போதாதா? பெட்டி அந்தக் காலத்து அசல். முடிந்தவரை அதையே காப்பாற்ற ஆசை.

பீளமேட்டுப் பட்டறை

அசலைக் காப்பாற்ற நினைப்பது நல்ல எண்ணம். முதலில் சாயம் ஊடுருவும் சோதனை செய்யுங்க. சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்டும். கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமாக இருக்கும் என்று எதிர்பாருங்க. பேரிங் உட்காரும் வளையத்துக்குள் போயிருந்தால் வெல்டு வேண்டாம், பெட்டியை மாற்றிவிடுங்க. வெளி விளிம்பில் மட்டும் என்றால் மெக்னீசியம் தெரிந்த ஆளிடம் ஆர்கான் வெல்டு வைக்கலாம். இத்தனை வருடம் எண்ணெய் குடித்த வார்ப்பு, நன்றாகக் கழுவிச் சூடேற்றிக் காயவைக்காவிட்டால் வெல்டுக்குள் குமிழி வரும். வெல்டு முடிந்ததும் சைடு பிளேட் உட்காரும் முகத்தைத் திரும்பக் கடைந்து மட்டமாக்க வேண்டும். சூட்டில் நெளிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை, எல்லோருக்கும். மெக்னீசியம் தூளும் சுருளும் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, எரிவது இன்னும் அதிகமாகும். காய்ந்த மணல் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டு கராஜில் கிரைண்டர் வைத்துத் தேய்க்காதீங்க.

பேரிங் கழற்ற மாட்ட சுத்தியல் எடுக்கவே வேண்டாம். மெக்னீசியம் சூட்டில் எஃகைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். பெட்டியை அடுப்பில் 100 டிகிரி வரை சூடேற்றினால் பேரிங் கையாலேயே இறங்கிவிடும். அதே காரணத்தால், குளிர்ந்த பெட்டியிலேயே பேரிங் தளர்வாக இருந்தால் ஓடும்போது வெளி வளையம் சுற்ற ஆரம்பித்துவிடும். அதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்க.

மெர்லின்காரன்

அண்ணா, சாயச் சோதனை செய்தாகிவிட்டது. விரிசல் வெளி விளிம்போடு நிற்கிறது. வெல்டு வைக்கலாம் என்று நம்பிக்கை வந்திருக்கிறது.

இனிக் கிரவுன் வீல் ஜோடி. 9-க்கு 31 வாங்குவதா, 10-க்கு 31 வாங்குவதா? சந்தையில் 10-க்கு 31 சுலபமாகக் கிடைக்கிறது.

யாழ்_மெல்பேர்ன்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கட பின் டயர் ஒரு சுற்றில் சுமார் 1.8 மீட்டர் போகும் என்று வையுங்கோ. எஞ்சினை 6500 சுற்றுக்கு மேல் விரட்டவில்லை, நாலாவது கியர் உதாரணத்துக்கு 24-க்கு 26. 10-க்கு 31 என்றால் மொத்த விகிதம் 3.36, வேகம் மணிக்கு 209 கிலோமீட்டர் அளவில் வரும். 9-க்கு 31 என்றால் 3.73, வேகம் 188 அளவில் நிற்கும். அதே கியர்களை வைத்து 21 கிலோமீட்டர் வித்தியாசம்.

சில்வர்ஸ்டோன் மாதிரி நீண்ட நேர்பாதை உள்ள இடத்துக்கு 10-க்கு 31 வசதி. பிராண்ட்ஸ் ஹட்ச் குட்டிச் சுற்றுக்குத் தாழ்ந்த கியர் வேண்டும், ஆனால் அதைக் கியர் ஜோடிகளை மாற்றிச் சரிசெய்யலாம். ஹியூலண்டின் அருமையே அதுதான்: பின்மூடியைக் கழற்றினால் கியர் கொத்து கைக்கு வந்துவிடும், பெட்டியை வண்டியில் இருந்து இறக்கவே தேவையில்லை. பந்தயத் திடலிலேயே மதியச் சாப்பாட்டுக்கு முதல் விகிதம் மாற்றிவிடுவார்கள். நான் 10-க்கு 31 பக்கம். பிறகு கியர் வாங்கும்போதும் மற்றவர்களோடு மாற்றிக்கொள்ளும்போதும் எல்லோருடைய கணக்கும் ஒன்றாக இருக்கும்.

ஆனால் வாங்குவதற்கு முதல் உங்கட மரப்பெட்டிக் கியர்களில் எத்தனை ஜோடி தேறுகிறது என்று பாருங்கோ. இறுதி விகிதத்தை மாற்றினால் கையில் இருக்கிற கியர்களின் பயனும் மாறும்.

பழைய சோழவரம்

கியர் வாங்கும் இடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஹியூலண்ட் நிறுவனம் இன்றும் மெய்டன்ஹெட் பக்கத்தில்தான் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து காரில் போய் வரும் தூரம். அவர்கள் தவிர, ஹியூலண்ட் அளவுக்கே கியர் வெட்டிய பேர்பெற்ற பட்டறைகள் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாஃப்ஸ் சைலண்ட் கியர்ஸ், அமெரிக்காவில் வெப்ஸ்டர். பழைய பெட்டிகளில் இவர்கள் பெயர் பொறித்த கியர்கள் கலந்தே இருக்கும். அதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். செப்டம்பரில் பியூலியில் நடக்கும் பழைய சாமான் சந்தை, பிப்ரவரியில் ஸ்டோன்லீயில் நடக்கும் ரேஸ் ரெட்ரோ இரண்டுக்கும் நோட்டும் வெர்னியருமாகப் போங்கள். ஏலப் படத்தை நம்புவதைவிடக் கையில் எடுத்து நகத்தால் டாக் மூலையைத் தடவிப் பார்ப்பது நூறு மடங்கு மேல்.

புதிதாக எங்காவது வெட்டிக்கொள்வதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். அசல் பாகத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்தக் காலத்துப் பந்தயத்தில் ஓடிய கியர் என்பது சரித்திரம்.

பீளமேட்டுப் பட்டறை

ஐயா, உங்கள் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இதில் எனக்கு மாறுபட்ட கருத்து. கியர் என்பது தேயத்தான் செய்த பாகம். 1971-லேயே ஒரு சீசனில் பல ஜோடிகளை மாற்றித்தான் ஓட்டினார்கள். சட்டகமும் பெட்டியும் அசலாக இருக்கட்டும், பல் புதியதாக இருக்கட்டும். உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிறவருக்குக் களைப்படைந்த எஃகைக் கொடுக்கக் கூடாது.

எங்கள் ஊர்ப் பந்தய ஓட்டுநர் கரிவர்தன் ஃபார்முலா மாருதி பந்தய வண்டி செய்தபோது என்ன செய்தார்? எல்லார் வீட்டிலும் ஓடிய மாருதி 800-இன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார். ஹியூலண்ட் பீட்டிலை எடுத்த அதே யோசனை. நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த வண்டிதான். பக்கத்தில் கிடைப்பதை வைத்துச் சரியாகச் செய்வதும் பந்தயப் பரம்பரைதான்.

கோவையில் நேர்பல் கியர் வெட்ட முடியும். மாதிரிக் கியர் ஒன்று வேண்டும். ஆனால் பல்லை எண்ணி வெளிவிட்டத்தை அளந்தால் மட்டும் போதாது. இரண்டு தண்டுக்கும் இடையிலான தூரம் மாறாது, அதற்குள் வெவ்வேறு எண்ணிக்கையுள்ள ஜோடிகள் அடங்க வேண்டும். அதனால் பல் வடிவத்தை ஒவ்வொரு ஜோடிக்கும் கொஞ்சம் நகர்த்தியிருப்பார்கள். சில பற்களைச் சேர்த்து மைக்ரோமீட்டரால் அளந்து அந்த நகர்வைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கிலாந்து கியர் என்பதால் அங்குல அளவு, எங்களுடைய மில்லிமீட்டர் கணக்கு மாட்யூல் கட்டரை எடுத்து வெட்டினால் பொருந்தாது. எஃகு இஎன்36, கார்பன் ஏற்றிக் கடினமாக்கி, அப்புறம் கிரைண்டிங். கிரைண்டிங் இல்லாமல் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீங்க.

கிரவுன் வீல் ஜோடியை நான் வெட்ட மாட்டேன். அதற்கு க்ளீசன் மாதிரி தனி இயந்திரமும் அதற்கான கட்டரும் வேண்டும். ஒரே ஒரு ஜோடிக்காக அதைச் செய்வது பணத்துக்கும் நியாயம் இல்லை, பாதுகாப்புக்கும் நியாயம் இல்லை.

பழைய சோழவரம்

கரிவர்தன் பெயரைச் சொன்ன பிறகு நான் எதிர்த்துப் பேச முடியாது. சோழவரம் ஓடுபாதையில் பந்தயம் பார்த்துப் பழகியவன் நான், அவருடைய அருமை எனக்கும் தெரியும். பல் புதியதாக இருக்கட்டும். ஆனால் தம்பி, எது செய்தாலும் பந்தய விதியைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நாலு முன்கியர், வேலை செய்யும் ரிவர்ஸ், வளைவில் இரண்டு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் சாதாரண டிஃபரன்ஷியல். பூட்டு டிஃபரன்ஷியலோ வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகையோ ஃபார்முலா ஃபோர்டில் கூடாது. மரப்பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால் ஆசைப்பட்டுப் போட்டுவிடாதீர்கள்.

மெர்லின்காரன்

முடிவு செய்தது இது. 10-க்கு 31 கிரவுன் வீல் பினியன் ஜோடி, ஒரே எண் பொறித்தது, இங்கேயே புதிதாக வாங்குகிறேன். மூன்றாவது கியர் ஜோடியும் அதன் டாக் ரிங்கும் எல்டி200 கையிருப்பிலிருந்து. முழு பேரிங் செட்டும் கடையில் எண் சொல்லி வாங்கியாகிவிட்டது. பெட்டி வெல்டுக்குப் போயிருக்கிறது. ஃபோர்க்குகளை ஜிக்கில் வைத்துப் பார்த்ததில் மூன்றாவது, நாலாவது கியருக்கான ஃபோர்க் ஒரு பக்கம் தள்ளித்தான் இருந்தது. யாழ் அண்ணை சொன்ன அதே கதை.

புதிய ஜோடியைப் பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பீளமேட்டுப் பட்டறை

முதலில் பினியனின் ஆழம், அப்புறம்தான் பேக்லாஷ், அதாவது பற்களுக்கு நடுவே விடும் சிறு இடைவெளி. வரிசையை மாற்றினால் ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றிக் கை ஓயும். பினியனில் ஆழ அளவு பொறித்திருந்தால் அதன்படி ஷிம் போடுங்க. பிறகு சைடு பிளேட் ஷிம்களால் கிரவுன் வீலை இடம் வலமாக நகர்த்தி பேக்லாஷ் பிடிக்க வேண்டும். டயல் கேஜைப் பல்லின் மேல் செங்குத்தாக வைத்து, சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளவு எடுங்க. இடத்துக்கு இடம் மாறினால் கிரவுன் வீல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அடியில் ஒரு துளி அழுக்கு இருந்தாலே போதும்.

கடைசியாக நீலச் சாந்து. நாலு பல்லில் மெல்லியதாகத் தடவி, கையால் கொஞ்சம் இழுப்புக் கொடுத்துச் சுற்றுங்க. சுமை இல்லாமல் பார்க்கும்போது தடம் பல்லின் நடுவில், உள் முனைப் பக்கம் கொஞ்சம் ஒதுங்கி விழுந்தால் நல்லது. சுமை ஏறும்போது தடம் வெளி முனை நோக்கி நகரும், அப்போது பல்லின் முழு அகலமும் வேலை செய்யும். தடம் பல்லின் நுனியில் விழுந்தால் பினியன் இன்னும் உள்ளே போக வேண்டும், அடியில் விழுந்தால் வெளியே வர வேண்டும்.

மெர்லின்காரன்

படம் எடுத்துப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா. மரப்பெட்டியில் மீதி இருக்கும் ஒற்றைக் கியர்களை என்ன செய்வது? நல்ல நிலையில் ஒரு 19, ஒரு 31, ஒரு 28 பல் இருக்கின்றன. கிரவுன் வீல் மாதிரி இவையும் ஜோடி இல்லாமல் பயன்படாதா?

பீளமேட்டுப் பட்டறை

நேர்பல் கியர் அவ்வளவு கண்டிப்பு இல்லை. அவற்றை ஜோடியாகத் தேய்த்துப் பொருத்துவதில்லை, ஒவ்வொன்றும் தனியாக அளவுக்குக் கிரைண்டிங் செய்தவை. பொறித்திருக்கும் விகிதம் இரண்டிலும் ஒன்றாக இருந்து, செய்தவரும் ஒருவராக இருந்து, தேய்மானமும் சமமாக இருந்தால் சேர்க்கலாம். 19 மட்டும் பார்த்தால் போதாது, முகத்தில் 19-31 என்று முழு விகிதமும் இருக்கிறதா பாருங்க.

மெர்லின்காரன்

19-இல் 19-31 என்று முழுசாக இருக்கிறது. 31-இல் 20-31 என்று போட்டிருக்கிறது, அதனால் இரண்டும் ஜோடி இல்லை என்று இப்போது புரிகிறது. 28-இல் 22-28.

யாழ்_மெல்பேர்ன்

தம்பி, என்னிடம் 22-28 ஜோடியில் 22 மட்டும் நல்லதாக இருக்கு, 28-இன் டாக் உடைந்தது. உங்கட 28-ஐ மற்றவருக்கு விற்றுவிடாதையுங்கோ. செய்தவரின் குறியையும் டாக் பக்கத்தையும் கிட்டத்தில் படம் எடுத்துத் தனிமடலில் அனுப்புங்கோ, பொருந்தினால் தபால் செலவு என்னுடையது. எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி அனுப்பினால் போதும், கழுவ வேண்டாம். உங்கட 19-31-க்கு எதிர்ச் சக்கரம் இஞ்சை ஆரிடமும் இருக்கா என்று நான் விசாரிக்கிறன்.